இல்லாத நரம்பும் வெட்டுப்பட்ட நரம்பும்: டிசெக்‌ஷன் ஹாலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட சென்னையில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில், முதலாமாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் இறந்தவர் உடலை அறுத்துப் பிரித்துப் படிக்கிற உடற்கூறியல் டிசெக்‌ஷன் வகுப்பில் நடந்தது இது. கல்லூரியின் பெயரோ, ஆட்களின் பெயரோ இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தத் துறையில் நான் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு ஆய்வு செய்பவள். புற நரம்புகளின் திசு அமைப்பில் முனைவர் பட்டம் வாங்கியவள்; எம்.பி.பி.எஸ். படிக்கவில்லை. "மேடம், நீங்க டாக்டரா?" என்று ஒவ்வொரு புது பேட்ச்சும் கேட்கும். "பி.எச்.டி. டாக்டர்" என்று சொன்னதும் கேட்டவர் முகம் லேசாக வாடும், பழகிவிட்டது. என் வேலை ஆய்வுதான். ஆனால் ஒரு டேபிளைச் சுற்றி 20 பேருக்கு மேல் நிற்கிற இடத்தில் சொல்லித்தர ஆள் போதாது. அதனால் துறைத் தலைவரின் அனுமதியோடு, பேராசிரியை ஒருவரின் மேற்பார்வையில், டிசெக்‌ஷன் நேரத்தில் இரண்டு டேபிள்களுக்கு உதவியாக நிற்பேன். மதிப்பெண் போடுவது, மாணவர்களின் செய்முறைப் பதிவேடான லாக் புக்கில் எழுதிக் கையெழுத்திடுவது எல்லாம் இளநிலை ஆசிரியரான ட்யூட்டரின் பொறுப்பு. பிறகு எடுத்த முடிவுகள் பலவும் இந்த வரம்புக்குள்தான் நடந்தன என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேபிளில் இருந்தது ஒரு முதியவரின் உடல். குடும்பத்தாரே தானமாகக் கொடுத்தது. வருடத் தொடக்கத்தில் உடலுக்கு மரியாதை செலுத்தி மாணவர்கள் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு டேபிளின் கீழும் எண் எழுதிய மூடி போட்ட பக்கெட் ஒன்று இருக்கும். அந்த உடலிலிருந்து எடுக்கிற கொழுப்பு, தோல், திசுத் துணுக்கு எல்லாம் அந்தப் பக்கெட்டுக்குள்தான் போக வேண்டும். கடைசியில் உடலோடு சேர்த்தே அவை தகனத்துக்குப் போகும். அதைப் பார்த்துக்கொள்பவர் ஹால் அட்டெண்டர். தண்டையார்பேட்டைக்காரர். அந்த ஹாலில் எங்கள் எல்லோரையும்விட அதிக உடல்களைப் பார்த்தவர்.

வலது கையை ஒரு குழுவும் இடது கையை இன்னொரு குழுவும் பிரித்துக்கொண்டு செய்தார்கள். மார்புத் தசைகள் முடிந்து, அக்குளில் பிரேக்கியல் பிளெக்சஸ் எனும் நரம்புப் பின்னலைத் திறந்து, மேற்கைக்குப் போகிற கட்டம். வலது குழுவில் பிளேடு பெரும்பாலும் ஒரே மாணவியின் கையில் இருந்தது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 2020-ல் தமிழ்நாட்டில் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டின் வழியாகச் சேர்ந்தவர். காசிமேட்டில் அவருடைய அம்மாவுக்கு மீன் வியாபாரம். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஆங்கிலத்தில் கேட்டால் திணறுவார். கை வேலை மட்டும் வேறு மாதிரி இருக்கும்: கத்தரிக்கோலின் நுனியை மூடி உள்ளே விட்டு, நரம்பின் நீளவாக்கிலேயே மெதுவாகத் திறந்து கொழுப்பை ஒதுக்குவார். குறுக்கே போக மாட்டார். சொல்லித்தந்தும் பாதிப் பேருக்கு வராத பழக்கம் இது.

தேடிய நரம்பு

மருத்துவம் படிக்காதவர்களுக்காகச் சில வரிகள். கழுத்துப் பகுதித் தண்டுவடத்திலிருந்து சி5 முதல் டி1 வரை ஐந்து வேர்கள் புறப்பட்டு, பின்னிப் பிரிந்து, அக்குளில் ஆக்சிலரி தமனியைச் சுற்றி மூன்று வடங்களாகின்றன. வெளிப்பக்க வடமான லேட்டரல் கார்டிலிருந்து மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு கிளம்பும். அது கோராகோபிரேக்கியாலிஸ் தசையைத் துளைத்துக்கொண்டு நுழைந்து, பைசெப்ஸுக்கும் பிரேக்கியாலிஸுக்கும் இடையே இறங்கி, மூன்று தசைகளுக்கும் கிளை கொடுத்துவிட்டு, முன்கையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்வு நரம்பாகப் போய்விடும். மூன்று தசைகளின் முதலெழுத்தையும் சேர்த்து மாணவர்கள் இதை 'பி.பி.சி. நரம்பு' என்பார்கள்.

அடையாளம் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. மஸ்குலோகியூட்டேனியஸ், மீடியன் நரம்பின் இரண்டு வேர்கள், அல்னர் நரம்பு இவையெல்லாம் சேர்ந்து தமனிக்கு முன்னால் ஆங்கில 'எம்' எழுத்து போலத் தெரியும். எம் கிடைத்துவிட்டால் மற்றவை எளிது. இந்தக் கையில் எம்-க்கு வெளிப்பக்கக் கால் இல்லை.

முதல் நாள் கண்டது

ட்யூட்டர் வந்து "மஸ்குலோகியூட்டேனியஸ் எங்கே?" என்று கேட்டார். மாணவி "இல்ல சார்" என்றார்.

"இல்லன்னா? வெட்டிட்டீங்கன்னு சொல்லுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. அக்குளில் கொழுப்பை ஒதுக்கும்போது தெரியாமல் நரம்பு அறுபடுவது முதலாமாண்டில் சாதாரணமாக நடப்பதுதான். ட்யூட்டர் அப்படி நினைத்ததில் தவறில்லை. ஒரு நரம்பு போனால் அந்தப் பக்கத்து மாணவர்கள் எல்லோருக்கும் அது போச்சு என்கிற எரிச்சலும் அவருக்கு இருந்திருக்கும். ஆனால் உடலைக் குனிந்து பார்க்காமலேயே லாக் புக்கில் 'எம்.சி. நரம்பு துண்டிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு, அடுத்த வகுப்பில் பைசெப்ஸைப் புரட்டிவிட்டு முன்கைக்குப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போனதும் இடது குழுவிலிருந்து ஒரு குரல், "மீன் கழுவுற மாதிரி கழுவிட்டா போல." சிலர் சிரித்தார்கள். இன்னொருவர் 'செவன் பாயின்ட் ஃபைவ்' என்று ஏதோ முணுமுணுத்தார். மாணவி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

அட்டெண்டர் என்னிடம் தனியாக வந்து, "மேடம், பக்கெட்டை நான் பாத்துட்டேன். நீளமா நரம்பு எதுவும் வுழல. அந்தப் பாப்பா கை சுத்தமான கை" என்றார். இதை ஆதாரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு அறுபட்டாலும் இரண்டு முனையும் உடலிலேயே இருக்கும், பக்கெட்டுக்கு வர வேண்டியதில்லை. ஆனாலும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அவர் சொன்ன பிறகுதான்.

அன்று மாலை எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, அந்தக் கையில் யாரும் மேற்கொண்டு கை வைக்கக் கூடாது என்பது. பைசெப்ஸைப் புரட்டிவிட்டால் அதற்கு அடியில் இருக்கிற எல்லாமே இடம் மாறிவிடும். அப்புறம் இருந்ததா, இல்லையா, அறுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பேராசிரியையிடம் ஒரு வகுப்பு அவகாசம் கேட்டேன், கொடுத்தார். பதப்படுத்தும் திரவத்தில் நனைத்த துணியைச் சுற்றி, அதன் மேல் பாலித்தீன் போட்டு மூடினோம்.

இரண்டாவது, யாரிடமும் இப்போதைக்கு விடை சொல்வதில்லை என்பது. ஏற்கெனவே திறந்திருந்த பகுதியைப் பேராசிரியையும் நானும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தோம். பதப்படுத்திய உடலில் அறுபட்ட நரம்பு அவ்வளவாகச் சுருங்கி உள்ளே போகாது. முனை தட்டையாகத் தெரியும், லென்ஸில் பார்த்தால் நரம்புக் கற்றைகள் புள்ளிபுள்ளியாக இருக்கும். லேட்டரல் கார்டில் அப்படி எதுவும் இல்லை. வடம் முழுசாகவே மீடியன் நரம்பில் போய்ச் சேர்ந்தது. மேலே மூடியிருந்த உறையிலும் கிழிசல் இல்லை. என் சந்தேகம் பலமாகிவிட்டது, ஆனால் கீழ்ப் பகுதி இன்னும் கொழுப்பில் மூடித்தான் இருந்தது. பாதி பார்த்துவிட்டு 'நரம்பு பிறப்பிலேயே இல்லை' என்று அறிவித்தால், பார்க்காமல் 'வெட்டிட்டீங்க' என்று சொன்னதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வெட்டுப்பட்டது என்பது ஒரு முடிவு. இல்லவே இல்லை என்பதும் ஒரு முடிவு. இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும்.

மூன்றாவது, ட்யூட்டரிடம் மாணவர்கள் எதிரில் பேசுவதில்லை என்பது. நான் அந்தத் துறையின் ஆசிரியர் இல்லை. அவரை டேபிளில் வைத்துத் திருத்தினால் விஷயம் நரம்பிலிருந்து நகர்ந்து எனக்கும் அவருக்குமான பிரச்சினையாகிவிடும், நடுவில் அந்த மாணவி மாட்டிக்கொள்வார். அடுத்த நாள் காலை அவர் அறைக்குப் போய், "சார், வெட்டு முனை எங்கேயும் தெரியலை. முழுசா பாக்கற வரைக்கும் லாக் புக் என்ட்ரியை அப்படியே விட்டு வைக்கலாமா?" என்று கேட்டேன். "பாருங்க மேடம். வேரியேஷனா இருந்தா நல்லதுதானே" என்றார். வேரியேஷன் என்றால் பிறப்பிலேயே உள்ள அமைப்பு மாறுபாடு. சுமுகமாகவே முடிந்தது.

நான்காவது முடிவுதான் நான் அதிகம் யோசித்தது: அடுத்த வகுப்பில் பிளேடு யார் கையில்? அந்த மாணவியையே செய்யவிட்டால், பழி சுமந்தவரே எல்லோர் முன்னாலும் தன்னை நிரூபித்துக்காட்ட வேண்டியதாகும். நான் செய்தால் 'மேடம் காப்பாத்திட்டாங்க' என்று பேச்சு வரும். அதனால் இடது குழுவில் அந்த மீன் பேச்சைப் பேசிய மாணவரையே கூப்பிட்டேன். அவர் எதைக் கண்டாலும் அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டாவது வகுப்பு

கரும்பலகையில் மூன்று கேள்விகளை மட்டும் எழுதினேன். ஒன்று, வெட்டு முனை இருக்கிறதா? இரண்டு, கோராகோபிரேக்கியாலிஸில் நரம்பு நுழைந்த வழி இருக்கிறதா? மூன்று, பைசெப்ஸுக்கு நரம்பு எங்கிருந்து வருகிறது?

முதல் கேள்விக்கு லென்ஸைக் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் பார்த்தார்கள். முனை இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். உடனே ஒரு மாணவர் இடது கையைக் காட்டி, "மேடம், இந்தப் பக்கம் அழகா இருக்கே, அப்போ அந்தப் பக்கமும் இருந்திருக்கணும்ல?" என்றார். நியாயமான கேள்வி. டேபிளில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். இடது பக்கம் நரம்பு பாடப்புத்தகப் படம் போலவே இருந்தது, தசையைத் துளைத்துக்கொண்டு போவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே உடலில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்கிற நம்பிக்கை முதலாமாண்டு மாணவர்களிடம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. நரம்பு, தமனி விஷயத்தில் அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் மாறியிருப்பது வழக்கமாகக் காணப்படுவதுதான். அதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட மூன்றாவது கேள்வியே அவர்களுக்குக் காட்டிவிடும் என்று விட்டுவிட்டேன்.

கோராகோபிரேக்கியாலிஸைச் சுற்றிச் சுத்தம் செய்தார் அந்த மாணவர். நரம்பு உருவப்பட்டிருந்தால்கூடத் தசைக்குள் அது போன வழியும், கீழே பைசெப்ஸுக்கும் பிரேக்கியாலிஸுக்கும் நடுவில் அதன் மிச்சமும் இருக்க வேண்டும். தசையில் துளையே இல்லை, நார்கள் சேர்ந்தே ஓடின. அந்தத் தசைக்கு லேட்டரல் கார்டிலிருந்து நேராக நூல் போல ஒரு கிளை வந்திருந்தது. முதல் நாள் யாருமே அதைக் கவனிக்கவில்லை. அந்த நூலை அறுக்காமல் கொழுப்பை எடுத்தது அந்த மாணவியின் கை என்பதை அந்த இடத்தில் நான் சொன்னேன்.

அப்புறம் மீடியன் நரம்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். மேற்கையின் நடுவில் வந்ததும் நின்றார். "மேடம், மீடியன்லேர்ந்து ஒரு பிராஞ்ச் வருது. மீடியனுக்கு ஆர்ம்ல பிராஞ்சே கிடையாதுன்னுதானே படிச்சோம்?"

படித்தது சரிதான். வழக்கமாக மேற்கையின் தசைகளுக்கு மீடியன் எதுவும் கொடுக்காது. இங்கே ஒரு கிளை வெளிப்பக்கமாகத் திரும்பி பைசெப்ஸுக்குள் நுழைந்தது. இன்னும் கொஞ்சம் கீழே இரண்டாவது கிளை பிரேக்கியாலிஸுக்குப் போனது. அதன் தொடர்ச்சி பைசெப்ஸ் தசைநாணின் வெளியோரமாக வந்து முன்கைத் தோலுக்குப் போனது. மஸ்குலோகியூட்டேனியஸ் செய்ய வேண்டிய வேலை முழுவதையும் லேட்டரல் கார்டும் மீடியனும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. மீடியன் இடது கையில் இருப்பதைவிடத் தடிமனாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. இந்த இரண்டு நரம்புகளுக்கும் இடையிலான மாறுபாடுகளை லெ மினோர் 1990-ல் ஐந்து வகைகளாகப் பிரித்தார். மஸ்குலோகியூட்டேனியஸே இல்லாமல் அதன் இழைகளெல்லாம் மீடியனோடு போவது ஐந்தாவது வகை. கேஸ் ரிப்போர்ட்டாக அனுப்பலாமா என்று ஒரு பி.ஜி. மாணவர் கேட்டார். ஏற்கெனவே ஏராளமாக வந்திருக்கின்றன, இன்னொன்றால் யாருக்கும் பயன் இல்லை என்பது என் கருத்து. பேராசிரியையும் அதையே சொன்னார். துறைக் கேமராவில், கை மட்டும் தெரிகிற மாதிரி, எந்த அடையாளமும் வராமல் படம் எடுத்துப் பாடம் நடத்த வைத்துக்கொண்டோம். ஹாலில் மாணவர்களின் போனுக்கு அனுமதி இல்லை, இதற்காகவும் அதைத் தளர்த்தவில்லை.

இதனால் என்ன என்று கேட்ட மாணவர்களுக்கு இரண்டு நிலைமைகளைச் சொன்னேன். அக்குள் வழியாகக் கையை மரத்துப்போகச் செய்யும்போது மஸ்குலோகியூட்டேனியஸைத் தனியாகத் தேடி மருந்து செலுத்துவார்கள், ஏனென்றால் அது மற்ற நரம்புகளை விட்டு முன்பே விலகிப் போய்விடும். இந்த முதியவர் போன்ற ஒருவருக்கு அல்ட்ராசவுண்டில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. இரண்டாவது, மேற்கையின் மேல்பகுதியில் மீடியன் நரம்பு மட்டும் காயப்பட்டால் சாதாரணமாக முழங்கை மடக்குவதில் சிக்கல் வராது. இவருக்கு வந்திருக்கும். அதைப் பார்க்கிற டாக்டர், இரண்டு நரம்புகள் போய்விட்டன என்று நினைத்திருப்பார்.

பிறகு நடந்தவை

அன்றே ட்யூட்டர் வந்து பார்த்தார். நன்றாகக் குனிந்து, போர்செப்ஸ் இடுக்கியால் கிளையைத் தூக்கிப் பார்த்தார். லாக் புக்கில் பழைய வரியை அடித்துவிட்டு, 'மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு வலது பக்கம் இல்லை. மாறுபாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நல்ல டிசெக்‌ஷன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மாணவியைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்த மாதிரி, திருத்தமும் விழுந்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதைக் கேட்டு வாங்குகிற இடத்தில் நான் இல்லை. பேராசிரியை பின்னால் அவரிடம் பேசியதாகத் தெரியும், என்ன பேசினார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மற்ற டேபிள்களுக்கும் இதைக் காட்டலாம் என்று பேராசிரியை சொன்னபோது, யார் விளக்குவது என்பதை அந்த மாணவியிடமே விட்டோம். பேச மாட்டேன், காட்டுகிறேன் என்றார். தோழி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, இவர் போர்செப்ஸில் ஒவ்வொரு கிளையாகத் தூக்கிக் காட்டினார். மூன்றாவது குழு வந்தபோது தோழி ஒரு இடத்தில் தடுமாற, "அது இல்லடி, கீழ இருக்கறதுதான் பிரேக்கியாலிஸுக்குப் போறது" என்று இவரே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக அவரே சொன்னார். பெயர்களில் தப்பு வரவில்லை.

இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அடுத்த சில வாரங்கள் அவர் பிளேடை வாங்கவே இல்லை, மேனுவல் எனும் செய்முறைக் கையேட்டைப் படிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மீன் பேச்சு பேசியவர் அவரிடம் போய் ஏதோ சொன்னார் என்று கேள்விப்பட்டேன். டேபிளில் அந்த மாதிரிப் பேச்சு நின்றது. ஹாஸ்டலில் நின்றதா என்பது வேறு கதை.

யாரும் எதிர்பார்க்காத இன்னொரு விளைவும் வந்தது. எல்லா டேபிளிலும் திடீரென்று வேரியேஷன் பெருகிவிட்டது. பளபளவென்று புது வெட்டு முனை தெரிகிற நரம்பைக் காட்டி, "மேடம், இது இந்த பாடில கிடையாது, வேரியேஷன்" என்று ஒரு குழு சொன்னது. கொடி குத்திய பகுதியின் பெயரை எழுதுகிற இன்டர்னல் ஸ்பாட்டர் தேர்வில் சாதாரண மஸ்குலோகியூட்டேனியஸுக்குக் கொடி குத்தி வைத்திருந்ததைச் சிலர் மீடியனின் கிளை என்று எழுதிவைத்தார்கள். அரிதானதை ஆர்வமாகக் காட்டும்போது வழக்கமானது எது என்பது மங்கிவிடுகிறது. அதனால் அந்த மூன்று கேள்விகளையே அட்டையில் எழுதி ஒவ்வொரு டேபிளிலும் ஒட்டினோம்: வேரியேஷன் என்றாலும் சரி, வெட்டுப்பட்டது என்றாலும் சரி, மூன்றுக்கும் பதில் காட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். வேரியேஷன் வேகமாகக் குறைந்தது.

மாற்ற வேண்டியவை

பிளேடு ஒருவர் கையிலேயே இருந்ததுதான் பழி ஒருவர் மேலேயே விழ வழி செய்தது. காலில் டிசெக்‌ஷன் தொடங்கியதிலிருந்து வெட்டுபவர், மேனுவல் படிப்பவர், வரைபவர் என்று முறை வைத்து மாற்றுகிறோம். முறை வந்ததால்தான் அந்த மாணவியும் மறுபடி பிளேடு பிடித்தார். தானாகக் கேட்டு வாங்கவில்லை. இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. கை தேர்ந்தவருக்குக் கிடைக்கிற நேரம் குறைகிறது, சில டேபிள்களில் வேலையின் தரம் இறங்கியதைக் கண்கூடாகப் பார்த்தேன். இருந்தாலும் முறை வைப்பதுதான் சரி என்பேன்.

லாக் புக்கில் 'துண்டிக்கப்பட்டது' என்பதற்கு மட்டுமே இடம் இருந்தது. 'காணப்படவில்லை, பார்வையில் உள்ளது' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் ட்யூட்டருக்கும் உடனே தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம் வந்திருக்காது. 2019-ல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டத்துக்குப் பிறகு லாக் புக்குக்கு எடை கூடியிருக்கிறது. அதில் எழுதுகிற ஒரு வரி மாணவரோடு வருடம் முழுக்க வருகிறது. இந்தக் கட்டத்தைச் சேர்க்கத் துறைக் கூட்டம் ஒப்புக்கொண்டது.

ஒரு நரம்பு கிடைக்கவில்லை என்றால், பேராசிரியர் பார்க்கும் வரை அதற்கு அடுத்த அடுக்குக்குப் போகக் கூடாது என்பதையும் விதியாக்கக் கேட்டோம். கால அட்டவணை இடிக்கிறது என்று அதை ஏற்கவில்லை. இப்போதைக்கு என் இரண்டு டேபிள்களில் மட்டும், பேராசிரியையின் ஒப்புதலோடு, இதைக் கடைப்பிடிக்கிறோம். புதிதாகச் சேரும் ட்யூட்டர்களுக்கு டேபிளில் எப்படிக் கேள்வி கேட்பது என்று அரைநாள் பயிற்சி வைக்கும் யோசனை எழுத்தில் கொடுக்கப்பட்டு, துறைத் தலைவரின் பரிசீலனையில் இருக்கிறது.